கஞ்சித் தொட்டி

1

எம்.ஏ. இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் கரண்ட் போன ஓர் இரவு, மொட்டைமாடியில் படுத்திருந்தோம். அறைத்தோழன் தன் இயர்போனின் ஒரு முனையை என் காதில் செருகி, “பேசாம கேளு” என்றான். ‘அலிசன்’ என்ற பாட்டு. ஸ்லோடைவ் என்ற இங்கிலாந்துக் குழு 1993இல் வெளியிட்ட ‘சூவ்லாகி’ ஆல்பத்தின் முதல் பாடல். கிட்டார்தான் வாசிக்கிறார்கள், ஆனால் யாரோ தந்தியை மீட்டுகிறார்கள் என்றே தோன்றவில்லை. வெந்நீர் ஊற்றிய குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிவதுபோல ஒலி மெல்லப் படிந்துகொண்டே இருந்தது. நடுவில் ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல். என்ன சொல்கிறார்கள் என்று பாதிக்கு மேல் புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. முடிந்ததும், “இன்னொரு தடவ போடு” என்றேன்.

மறுநாள் அந்தக் குழுவைப் பற்றித் தேடினேன். பிடித்துப்போன எதையும் உடனே தேடிப் பார்த்து, அது பிடிக்கத் தக்கதுதானா என்று உறுதிசெய்துகொள்வது நம் தலைமுறையின் வியாதி. எனக்கு முதலில் கிடைத்தது ஒரு வாக்கியம். அந்த ஆல்பம் வந்தபோது ‘மெலடி மேக்கர்’ என்ற லண்டன் இசை வார இதழில் ஒரு விமர்சகர் எழுதியது. இதை இன்னொரு முறை கேட்பதைவிட, ஓட்ஸ் கஞ்சி நிரப்பிய குளியல் தொட்டிக்குள் மூச்சுத்திணறி மூழ்கிப்போவதே மேல் என்கிற அர்த்தத்தில்.

வாய்விட்டுச் சிரித்தேன். ஓடிப்போய் அறைத்தோழனிடம் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. “நீ பாட்டக் கேட்டியா, இல்ல பாட்டப் பத்திக் கேட்டியா?” என்றான்.

அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க நான் அவனிடம் அந்த இயர்போனைக் கேட்கவில்லை. ஆனால் தனியாக, அவன் இல்லாத நேரங்களில், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்குப் பிடித்த ஒன்றை நானே ஒளித்துவைத்துக் கேட்கும்படி எங்கோ, எப்போதோ எழுதப்பட்ட ஒரு வாக்கியம் என்னைச் செய்துவிட்டது. இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அப்படிச் செய்ய ஒரு வாக்கியத்துக்கு உரிமை உண்டா என்பது அடுத்த கேள்வி. பின்னாளில் நானும் அப்படி ஒரு வாக்கியம் எழுதினேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2

அந்த வாக்கியத்துக்கு இருந்த பலத்தைப் புரிந்துகொள்ள, அது அச்சான இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெலடி மேக்கர் 1926இல் தொடங்கியது. ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’, சுருக்கமாக என்.எம்.இ., 1952இல் வந்தது. பிரிட்டனின் முதல் சிங்கிள் தரவரிசைப் பட்டியலை அச்சிட்டது அதுதான், அதே வருடம் நவம்பரில். 1970இல் ‘சவுண்ட்ஸ்’ சேர்ந்துகொண்டது. சின்ன நாடு. ஒரே வாரத்தில் லண்டனிலும் கிளாஸ்கோவிலும் ஒரே இதழைப் படிப்பார்கள். 1973 வாக்கில் என்.எம்.இ. மட்டுமே வாரத்துக்கு மூன்று லட்சம் பிரதிகளை நெருங்கியது.

இன்னொன்றும் உண்டு. அன்று ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் பிடித்திருக்கிறதா என்று முடிவெடுக்க வழி குறைவு. பிபிசியில் ஜான் பீல் நடத்திய இரவு நிகழ்ச்சியில் ஒலித்தால் உண்டு. இல்லையென்றால் கைக்காசைப் போட்டு ஆல்பத்தை வாங்க வேண்டும். ஆக, ஒரு சிற்றூரில் இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்குக் காதாக இருந்தது அந்தப் பத்திரிகைதான். முதலில் படிப்பான், பிறகு வாங்குவான், அதற்கும் பிறகே கேட்பான். கேட்கும்போது படித்த வாக்கியமும் கூடவே ஒலிக்கும்.

வார இதழ் என்பதால் அதற்குத் தீராப் பசி. ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய கதை வேண்டும். உலகத்தின் புதிய மீட்பர் ஒருவர் வேண்டும், அல்லது போன மாதத்து மீட்பரின் வீழ்ச்சி வேண்டும். 1992 ஏப்ரலில் மெலடி மேக்கர் ஸ்வேட் என்ற குழுவை அட்டையில் போட்டு, பிரிட்டனின் தலைசிறந்த புதிய குழு இதுதான் என்றது. அந்தக் குழுவின் முதல் சிங்கிள் அப்போது கடைக்கே வரவில்லை. அடுத்த மாதம்தான் வந்தது. ஒரு பாட்டுகூட விற்காத குழுவுக்கு மகுடம்! ஸ்வேட் அதைத் தாங்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய முதல் ஆல்பம் முதலிடம் பிடித்தது, மெர்க்குரி பரிசும் வாங்கியது.

அதற்காகப் பத்திரிகையால் எதையும் ஆக்க முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. 1995 கடைசியில் இதே மெலடி மேக்கர் ‘ரோமோ’ என்ற பெயரில் ஓர் அலையைக் கிளப்பப் பார்த்தது. 80களின் பளபளப்பான சின்தசைசர் பாப்பைத் திரும்பக் கொண்டுவரும் குழுக்கள். அட்டைப்படம், அறைகூவல் எல்லாம் இருந்தது. கேட்க ஆள் வரவில்லை. சில மாதங்களில் அடங்கிப்போனது. இல்லாத ஆசையைப் பத்திரிகையால் உண்டாக்க முடியவில்லை. ஆனால் இருக்கிற ஆசையைக் கூச்சப்பட வைக்க முடிந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம்.

3

ஸ்லோடைவ், ரெடிங் நகரத்துப் பிள்ளைகள். முதல் பதிவுகள் வந்தபோது இதே பத்திரிகைகள்தான் கொண்டாடின. ரைடு, லஷ், சாப்டர்ஹவுஸ், மூஸ் என்று ஒத்த ஒலியுடைய குழுக்கள் சில இருந்தன. ஒருவர் கச்சேரிக்கு இன்னொருவர் போவார்கள், சேர்ந்து குடிப்பார்கள். மெலடி மேக்கர் அவர்களைத் ‘தன்னைத் தானே கொண்டாடிக்கொள்ளும் கூட்டம்’ என்று அழைத்தது. ‘ஷூகேஸ்’ என்ற இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது. காலடியில் இருக்கும் எஃபெக்ட் பெடல்களையே பார்த்துக்கொண்டு, கூட்டத்தை நிமிர்ந்தும் பார்க்காமல் வாசிப்பவர்கள், அதாவது செருப்பை வெறிப்பவர்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்.

விமர்சகர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். பங்க் இசை வந்த 1976இலிருந்து இந்தப் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை உண்டு. பாட்டு என்றால் அது வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். 90களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பொருளாதார மந்தம், வேலையில்லாத் திண்டாட்டம். அந்த நேரத்தில் தெற்கு இங்கிலாந்தின் வசதியான ஊர்களிலிருந்து வந்தவர்கள், வார்த்தைகூட விளங்காமல் பனிமூட்டம் போல முனகினால் கோபம் வரத்தான் செய்யும். ‘உங்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா?’ என்பது நேர்மையான கேள்வி.

அந்தக் கஞ்சி வாக்கியத்தைப் பற்றி ரொம்ப நாள் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. இது பாட்டைக் கேட்காமலே எழுதிய வாக்கியம், எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும் என்று நினைத்தேன். அது தவறு. கஞ்சி என்பது என்ன? கெட்டியானது, வெதுவெதுப்பானது, தானியம் தன் வடிவத்தை இழந்து கரைந்துபோனது. ‘சூவ்லாகி’யில் கிட்டாரும் குரலும் கரைந்து கிடப்பது அப்படித்தான். அதற்குள் மூழ்குவது? குழுவின் பெயரிலேயே இருக்கிறதே, மெதுவாக முங்குதல் என்று. இன்று அந்த ஆல்பத்தை விரும்புபவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூழ்கிவிட்டேன், மூச்சுமுட்டியது என்றுதான் சொல்வார்கள். விமர்சகரின் காது மிகச் சரியாகக் கேட்டிருக்கிறது. அந்த இசை ஓர் உடம்பை என்ன செய்யும் என்பதை அவர் ஒரே படிமத்தில் பிடித்துவிட்டார்.

அப்படியானால் எது தப்பு? கடுமை தப்பில்லை. ‘எனக்கு இது மூச்சுமுட்டுகிறது’ என்று எழுதியிருந்தால் அது ஒரு கேட்பனுபவம். அதைப் படிக்கும் இன்னொருவன் ‘எனக்கு அப்படி மூச்சுமுட்டத்தான் வேண்டும்’ என்று ஆல்பத்தை வாங்கவும் கூடும். அந்த வாக்கியமோ இன்னொருவனுக்கு இடமே வைக்கவில்லை. படித்துச் சிரித்த பிறகு, ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று சொல்பவன் கஞ்சித் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் ஆகிவிடுகிறான். அந்தப் பரிகாசம் குழுவைத் தாண்டி ரசிகன் மேல் போய் விழுகிறது. அன்று சிரித்தபோது நானும் அந்தத் தொட்டியிலிருந்து அவசரமாக எழுந்து துடைத்துக்கொண்டவன்தான்.

4

இந்தக் கூர்மையான மொழி பத்திரிகையோடு நிற்கவில்லை. பேட்டி கொடுப்பவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். வேல்ஸைச் சேர்ந்த மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் குழுவின் ரிச்சி எட்வர்ட்ஸ், ஹிட்லரைவிட ஸ்லோடைவைத் தான் அதிகம் வெறுப்பதாக ஒரு பேட்டியில் சொன்னார். அச்சில் ஏறுவதற்கென்றே சொன்ன வரி. இந்தப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து வளர்ந்த குழு அது. எதைச் சொன்னால் தலைப்பாகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே ரிச்சி, 1991 மே மாதம், நாரிச் நகரில் ஒரு கச்சேரி முடிந்து என்.எம்.இ. நிருபரோடு பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் நிஜமானவர்கள்தானா, இல்லை இதெல்லாம் வேஷமா என்ற கேள்வி நிருபருக்கு. நிஜம்தான் என்பதைச் சொல்லால் நிரூபிக்க முடியாது என்று தோன்றியதோ என்னவோ, ரிச்சி தன் கையில் அந்தச் சொற்களைக் கீறிக்கொண்டார். மருத்துவமனைக்குப் போக வேண்டிவந்தது. பத்திரிகை அலுவலகத்தில் அந்தப் படத்தைப் போடலாமா கூடாதா என்று விவாதம் நடந்தது. படம் வந்தது. அந்த அலுவலக விவாதத்தை ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்திருந்தார்கள். அதன் ஒரு பகுதியைக் குழு மறு வருடம் தன் சிங்கிள் ஒன்றின் மறுபக்கத்தில் சேர்த்தது. தங்களைப் பற்றிப் பேசியவர்களின் பேச்சையே அவர்களும் ஒரு பதிவாக்கி விற்றார்கள்.

1995 பிப்ரவரி 1 அன்று ரிச்சி காணாமல் போனார். 2008இல் சட்டப்படி இறந்தவராகக் கருதப்பட்டார். இதற்குப் பத்திரிகைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் சொல்லக் கூடாது. ஒரு மனிதரின் துயரம் ஒரு பேட்டியைவிட மிகப் பெரியது, மிகப் பழையது. நான் கவனிப்பது ஒன்றைத்தான். அடுத்தவர் இசையைக் கூசவைக்கும் வரியைச் சொன்னவரும், தன் இசை நிஜமா என்ற கேள்வியில் கூசி நின்றவரும் ஒரே ஆள். இந்த மொழிக்குள் நுழைந்தால் வீசுகிறவன், வாங்குகிறவன் என்று தனித்தனியாக யாரும் இல்லை.

விமர்சகர்களே வாங்கிய கதையும் உண்டு. 1995இல் ஒயேசிஸ் குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்தபோது பல விமர்சனங்கள் மந்தமாகவே இருந்தன. ‘பரவாயில்லை, முதல் ஆல்பம் போல இல்லை.’ மக்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அந்தப் பத்தாண்டில் பிரிட்டனில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றாக அது ஆனது. விமர்சகர்களுக்கு அவமானம். 1997 ஆகஸ்டில் மூன்றாவது ஆல்பம் ‘பி ஹியர் நவ்’ வந்தது. இந்த முறை யாரும் ரிஸ்க் எடுக்கவில்லை. புகழ்மாலைகள் குவிந்தன, ‘க்யூ’ மாத இதழ் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. முதல் நாளே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. சில மாதங்களில் போதை தெளிந்தது. நீளம், இரைச்சல், வீக்கம் என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். பாட்டுகளை எழுதிய நோயல் கேலகரே பிறகு அதைத் தாழ்த்திப் பேசினார்.

ஐந்து நட்சத்திரமும் கஞ்சித் தொட்டியும் எனக்கு ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தெரிகிறது. ஒன்றில் விமர்சகன் மற்றவர்களைக் கூசவைக்கிறான், மற்றொன்றில் தானே கூசிப்போய்த் தன் காதை விட்டுக்கொடுக்கிறான். இரண்டிலும் அவன் பக்கத்து இருக்கைக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாட்டைக் கேட்கிறான்.

5

‘அப்ப யாரையும் கூசவைக்கவே கூடாதா? எல்லாத்தையும் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதற்கும் அதே பத்திரிகைகளிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது.

1976 ஆகஸ்டில் பர்மிங்காமில் எரிக் கிளாப்டன் மேடையிலேயே, குடியேறிகளுக்கு எதிராகப் பேசி, ஈனாக் பவல் என்ற இனவாத அரசியல்வாதியை ஆதரித்தார். ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக்காரரும் அவருடைய நண்பர்களும் ஒரு கண்டனக் கடிதம் எழுதினார்கள். என்.எம்.இ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் மூன்றிலும் அது வெளியானது. உன் இசையில் பாதி கறுப்பர்களுடையது, நீ புகழ்பெற்றதே அவர்கள் பாட்டைப் பாடித்தானே என்று கேட்ட கடிதம். இரண்டு வருடம் முன்புதான் பாப் மார்லியின் பாட்டு ஒன்றைப் பாடி அமெரிக்கத் தரவரிசையில் கிளாப்டன் முதலிடம் பிடித்திருந்தார். அந்தக் கடிதத்திலிருந்துதான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் கிளாஷ் குழுவும், ஸ்டீல் பல்ஸ் என்ற கறுப்பர் ரெகே குழுவும் ஒரே மேடையில் வாசித்தார்கள்.

அந்தக் கடிதமும் கூசவைக்கத்தான் எழுதப்பட்டது. அது சரியென்றும் கஞ்சி வாக்கியம் சரியில்லையென்றும் நான் ஏன் நினைக்கிறேன்? நாணுடைமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் ஒரு பிரிவினை செய்துவிடுகிறார். செய்யத் தகாத செயலை எண்ணி வருவது ஒரு நாணம், மற்றக் கூச்சமெல்லாம் வேறு வகை என்று. எனக்கு இங்கே அது உதவுகிறது. கிளாப்டன் பேசியது இன்னொரு மனிதன்மீது செய்த செயல். நாடு முழுக்க அந்த மனிதர்கள் தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த காலம். அந்தச் செயலுக்கு நாணும்படி அவரைக் கேட்கலாம், கேட்க வேண்டும். இருட்டில் மொட்டைமாடியில் படுத்து ஒரு பாட்டில் கரைந்தவன் யாருக்கும் எதுவும் செய்துவிடவில்லை. அவனிடம் வாதிடலாம், இதைவிட ஆழமான ஒன்றைக் காட்டலாம், உன் ரசனை சோம்பேறித்தனமானது என்றுகூடச் சொல்லலாம். அவன் காதையே அவன் ஒளித்துவைக்கும்படி செய்வதற்கு நமக்கு என்ன உரிமை?

இது பழங்கதை இல்லை. மெலடி மேக்கர் 2000ஆம் ஆண்டோடு முடிந்தது. என்.எம்.இ.யின் அச்சுப் பதிப்பு 2018 மார்ச்சில் நின்றது. இன்று யாரும் யாரையும் நம்பிக் கைக்காசைப் போட்டு ஆல்பம் வாங்குவதில்லை, எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் போகவில்லை. பங்கு பிரிந்து நம் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ‘கிரிஞ்ச்’ என்று ஒரே சொல், ஒரு மீம், ஒரு ஸ்க்ரீன்ஷாட். அன்று லண்டனில் ஒரு சிலர் வாரம் ஒருமுறை செய்ததை நாம் மணிக்கு ஒருமுறை செய்கிறோம். அவர்களாவது ஆல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்டார்கள்.

ஸ்லோடைவின் மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1995இல் ‘பிக்மேலியன்’ என்ற மூன்றாவது ஆல்பம் வந்த ஒரு வாரத்தில், கிரியேஷன் நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. குழு கலைந்தது. விமர்சனங்கள்தான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது. காற்று வேறு பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அதே கிரியேஷன் நிறுவனத்தில்தான் ஒயேசிஸ் வளர்ந்துகொண்டிருந்தது. நீல் ஹால்ஸ்டெட்டும் ரேச்சல் காஸ்வெல்லும் ‘மோஹாவி 3’ என்ற பெயரில் அமைதியான நாட்டுப்புறச் சாயல் பாட்டுகளுக்குப் போனார்கள். 2014இல் ஸ்லோடைவ் திரும்பி வந்தது. அந்த வருடம் பார்சிலோனாவின் ப்ரிமாவெரா விழாவில் வாசித்தார்கள். 2023இல் வந்த ஆல்பம் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது, அவர்களுக்கு அது முதல் முறை. இன்று அவர்கள் கச்சேரிக்கு வருபவர்களில் பலர் ‘சூவ்லாகி’ வந்தபோது பிறக்கவே இல்லை. அவர்கள் அந்தக் கஞ்சி வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கேட்டவர்கள் இல்லை. கூச்சத்தை அவர்களுக்கு யாரும் கைமாற்றிவிடவில்லை.

6

என் வாக்கியத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞரின் முதல் சிறுகதைத் தொகுப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் நான்கு வரி எழுதினேன். மூன்று வரிகள் விமர்சனம், நாலாவது வரி பரிகாசம். அதை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். நான் மதிக்கும் ஓர் எழுத்தாளர் சிரிப்புக் குறி போட்டார். இரண்டு நாள் காலில் தரை படவில்லை.

அந்தத் தொகுப்பில் பெரும்பாலான கதைகள் பலவீனமானவை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஏழாவது கதை, அப்பா இறந்த பிறகு அவருடைய பழைய டிவிஎஸ் 50ஐ விற்கப் போகும் ஒரு பையனைப் பற்றியது. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கும்போது, அப்பா திரும்பி வரும் சத்தம் பையனுக்குக் கேட்கிறது. அதை நான் இரண்டு முறை படித்தேன். பதிவில் அதைச் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிடவும் இல்லை. அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் என் நாலாவது வரி மழுங்கியிருக்கும். சிரிக்க வந்தவர்கள் ‘சரி, படித்துத்தான் பார்ப்போமே’ என்று போயிருப்பார்கள். மெலடி மேக்கர் விமர்சகருக்கு அப்படி ஒளித்துவைக்க ஏதாவது இருந்ததா, எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது.

போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அவரே வந்து பேசினார். “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” கோபம் எதுவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில் என் நாலாவது வரியை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

“இப்ப எழுதறீங்களா?” என்றேன்.

“இல்லண்ணே. வேல மாறிடுச்சு. டைம் இல்ல.”

அது உண்மையாகவே இருக்கலாம். என்னால்தான் அவர் நிறுத்தினார் என்று நினைத்துக்கொள்வதுகூட என் வாக்கியத்துக்கு நானே கொடுக்கும் இன்னொரு நட்சத்திரமாகிவிடும். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. அந்த டிவிஎஸ் 50 கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று சொன்னேன். அந்தச் சத்தம் வரும் இடத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாமேண்ணே” என்றார்.